பசியை விதியின் ஒரு வரியில் எழுதுவது எப்படி: உணவு, ஊட்டச்சத்துக் கொள்கைப் பணிக்கு வருவோருக்கு

பசித்தவருக்கு உணவு கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையை எந்த அமைச்சரும் மறுப்பதில்லை. மேடையில் அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, மறுநாள் அதே பழைய கோப்புகளில் கையெழுத்திடுவதற்கு அவருக்கு எந்தத் தடையும் இல்லை. பசி ஒழிப்புக்காக அரசிடம் பரிந்து பேசும் பணிக்கு வர விரும்புகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: உங்கள் கோரிக்கை ஒரு சட்டப் பிரிவிலோ, அரசாணையிலோ, வரவு செலவுத் திட்டத்திலோ அப்படியே எடுத்து எழுதத்தக்க ஒரு வரியாக மாறும் வரை, நீங்கள் செய்வது நல்லெண்ணப் பிரச்சாரம் மட்டுமே.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று இந்திய உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணை. அந்த ஆண்டு ஏப்ரலில், ராஜஸ்தானில் வறட்சியால் மக்கள் பட்டினியில் வாடிக்கொண்டிருக்க, அரசின் கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிவதைச் சுட்டிக்காட்டி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கு அது. குழந்தைகளின் பசியைப் போக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி நீதிமன்றம் அதை முடித்திருக்கலாம். ஆனால் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவு, ஆண்டில் குறைந்தது 200 நாள்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்று அந்த ஆணை சொன்னது. யாருக்கு, என்ன, எவ்வளவு, எத்தனை நாள் என்ற நான்கு கேள்விக்கும் அதில் விடை இருந்ததால், ஒரு மாநிலம் ஆணையை மீறியதா இல்லையா என்பதை எவரும் ஒரு பள்ளிக்குள் நுழைந்து பார்த்துச் சொல்ல முடிந்தது. 'சமைத்த' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் இல்லாதிருந்தால், மாதக் கடைசியில் தானியத்தை அளந்து கொடுத்துவிட்டு ஆணையை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டியிருக்கலாம். பல மாநிலங்கள் அதுவரை அப்படித்தான் செய்துகொண்டிருந்தன.

பசி எங்கே உருவாகிறது என்று கண்டறிதல்

இந்தப் பணிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், உணவு போதாததால் பசி வருகிறது என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியலாளர் அமர்த்தியா சென், அந்த ஆண்டின் உணவு இருப்பு பஞ்சம் இல்லாத முந்தைய சில ஆண்டுகளைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்றும், விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறாத விவசாயத் தொழிலாளர்களும் மீனவர்களும் உணவை வாங்கும் திறனை இழந்ததே பேரழிவுக்குக் காரணம் என்றும் காட்டினார். இன்றைய நிலையும் இதற்கு மாறானதல்ல. ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2024இல் ஏறக்குறைய 67 கோடிப் பேர் பசியில் இருந்தார்கள். சத்தான உணவை விலை கொடுத்து வாங்க இயலாதவர்களோ 260 கோடிப் பேர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் ஊட்டச்சத்துக் கொள்கையின் களம். வயிறு நிரம்பிய பின்னும் உடலுக்கு வேண்டியது கிடைக்காத மக்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆகவே ஓரிடத்தில் பசி இருக்கிறது என்று தெரிந்ததும், உணவு மக்களைச் சென்றடையும் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுபடுகிறது என்று கேளுங்கள். உணவு அங்கே இல்லையா, இருந்தும் வாங்கப் பணம் இல்லையா, உதவித் திட்டம் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையா, பெயர் இருந்தும் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்களா, வீட்டுக்கு வந்த உணவு பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கடைசியாகப் போய்ச் சேருகிறதா, உண்ட உணவு அசுத்தமான குடிநீரால் வரும் வயிற்றுப்போக்கில் வீணாகிறதா? ஒவ்வொரு விடையும் உங்களை வெவ்வேறு துறையின் வாசலுக்குக் கொண்டுபோகும். கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது விடையானால், நீங்கள் போக வேண்டிய இடம் உணவுத் துறை அல்ல, குடிநீர்த் துறை. இதைக் கண்டறியாமல் எழுதும் கோரிக்கை, எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், தவறான மேசையில் போய்க் கிடக்கும்.

அளவைகளைக் கற்றல்

ஊட்டச்சத்துக் குறைவு என்ற ஒரே பெயரில் பல நிலைகளைப் போட்டுக் குழப்புவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. அனுபவம் உள்ளவர்களும் அவசரத்தில் செய்வதுண்டு. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமை வளர்ச்சிக் குன்றல். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமை உடல் மெலிவு. இரண்டையும், உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சித் தரத்தின் நடுமதிப்பிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். வளர்ச்சிக் குன்றல் மெதுவாகச் சேர்வது. கருவுற்ற நாள் முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஏறக்குறைய 1000 நாள்களில் அதன் பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. உடல் மெலிவு சில வாரங்களிலேயே வரக்கூடியது; கடுமையானால் உயிரைப் பறிக்கும். முதலாவதைக் குறைக்கத் தாயின் உடல்நலம், தாய்ப்பால், இணை உணவு, தூய்மை என்று ஆண்டுக்கணக்கான பணி வேண்டும். இரண்டாவதற்கு இன்றே சிகிச்சை வேண்டும். ஒன்றின் புள்ளிவிவரத்தைக் காட்டி மற்றொன்றின் தீர்வைக் கேட்டால், எதிரே அமர்ந்திருக்கும் மருத்துவ அதிகாரி அதைப் பிடித்துக்கொள்வார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் சரியானவற்றுக்கும் மதிப்பிருக்காது.

உடல் மெலிவைக் கண்டறிய உதவும் மேல்கை சுற்றளவு நாடாவைக் கையால் பிடித்துப் பழகாமல் இந்தத் துறையில் பேச வராதீர்கள் என்று நான் இளையவர்களிடம் வற்புறுத்துவதுண்டு. 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தையின் இடக் கையில், தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் கண்டு, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சதையை அழுத்தாமலும் இடைவெளி விடாமலும் நாடாவைச் சுற்ற வேண்டும். 12.5 செண்டிமீட்டருக்குக் குறைந்தால் மஞ்சள், அதாவது மிதமான மெலிவு; 11.5க்குக் குறைந்தால் சிவப்பு, அதாவது கடும் மெலிவு. குழந்தை அழுது கையை இழுக்கும்போது சற்றே இறுக்கிப் பிடித்தாலே சில மில்லிமீட்டர் மாறிவிடும். அந்தச் சில மில்லிமீட்டரில் ஒரு குழந்தை சிகிச்சைப் பட்டியலுக்குள் வரலாம், வெளியே போகலாம். நீங்கள் அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் அடியில் இப்படிப்பட்ட ஒரு கையும் ஒரு நாடாவும் இருக்கின்றன. அதை அறிந்தவர் எண்களை அலட்சியமாகக் கையாள மாட்டார்.

பெரியவர்களின் பசியை அளப்பது வேறு வகை. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உருவாக்கிய எட்டுக் கேள்விகள் கொண்ட அளவுகோல், உணவு தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் தொடங்கி, ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருந்தது வரை அனுபவங்களைக் கேட்கிறது. நாடு முழுமைக்கும் சொல்லப்படும் பசித்தோர் விகிதம் பெரும்பாலும் உணவு வரத்து, அது மக்களிடையே பரவும் முறை ஆகியவற்றிலிருந்து கணித மாதிரியால் கணக்கிடும் மதிப்பீடு என்பதால், அதைக் கொண்டு ஒரு வட்டாரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

நிதிக் கணக்கைப் படித்தல்

நான் அதிக நேரம் செலவிட்டுக் கற்றதும், மற்றவர்களுக்கு அதிகமாகக் கற்பிக்க விரும்புவதும் இந்தப் பகுதியைத்தான். ஒரு திட்டத்துக்கு ஒதுக்கீடு கூடியிருக்கிறது என்று செய்தி வந்தால், நீங்கள் மூன்று எண்களைத் தேட வேண்டும்: ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்த மதிப்பீடு, இடையில் திருத்திய மதிப்பீடு, ஈராண்டு கழித்து வெளியாகும் உண்மைச் செலவு. அறிவிப்பு மேடையில் நிகழ்வது. வெட்டு திருத்திய மதிப்பீட்டில் ஓசையின்றி நிகழ்வது. உண்மைச் செலவு தொடர்ந்து குறைவாக இருந்தால், ஏன் செலவாகவில்லை என்று கேளுங்கள். நிதி தாமதமாக விடுவிக்கப்பட்டு ஆண்டின் கடைசிக் காலாண்டில் வந்து சேர்ந்ததா, பணியிடங்கள் காலியாக இருந்தனவா, பயனாளிகள் பட்டியல் சுருக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து உங்கள் கோரிக்கை மாறும். பணம் செலவாகாமல் திரும்பிப் போகும் இடத்தில் கூடுதல் பணம் கேட்பது பயனற்றது.

அடுத்து, மொத்தத் தொகையைப் பயனாளிகளின் எண்ணிக்கையாலும் உணவு வழங்கும் நாள்களாலும் வகுத்து, ஒரு தட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். அந்த எண்ணைப் பார்க்கும்போதுதான் திட்டத்தின் உண்மை முகம் தெரியும். அது விலைவாசியோடு சேர்த்துத் தானாக உயரும்படி விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், ஒருவரும் எதையும் வெட்டாமலேயே உணவு சுருங்கும். உணவுப் பொருள்களின் விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகள் மாற்றப்படாத தொகையின் வாங்கும் திறன் 100இலிருந்து ஏறக்குறைய 84ஆகிவிடும். சமைப்பவர் முதலில் குறைப்பது தானியத்தை அல்ல. அதைக் குறைத்தால் குழந்தைகள் உடனே சொல்லிவிடுவார்கள். பருப்பு தண்ணீராகும், காய்கறி பெயருக்கு மிதக்கும், எண்ணெய் குறையும். புரதமும் நுண்சத்துகளும் இப்படித்தான் ஒரு திட்டத்திலிருந்து வெளியேறுகின்றன. எனவே ஒருமுறைத் தொகை உயர்வைக் கேட்பதைவிட, ஆண்டுதோறும் உணவு விலைக் குறியீட்டுக்கு ஏற்பத் தொகை மறுநிர்ணயம் செய்யப்படும் என்ற வரியைக் கேட்பது பன்மடங்கு மதிப்புள்ளது.

ஒரு வரியை எழுதுதல்

பணிக்கு வந்த புதிதில் நானும் சில தோழர்களும் மாதக்கணக்கில் உழைத்து எழுதிய அறிக்கையை ஒரு மூத்த அதிகாரியிடம் கொண்டுபோனோம். அவர் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார், அக்கறையோடுதான் புரட்டினார். பிறகு, "எல்லாம் சரி, இதில் எந்த விதியை நான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அறிக்கையில் பதினேழு பரிந்துரைகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட விதியின் எண்ணைச் சொல்லவில்லை. அன்று வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோதுதான் இந்தப் பணி என்னவென்று எனக்குப் புரிந்தது.

இப்போது நான் பின்பற்றும் முறை இது. நடப்பில் உள்ள விதியின் வாசகத்தை அப்படியே எடுத்து எழுதுவேன். அதன் கீழே, எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று எழுதுவேன். அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று குறிப்பேன். சட்டமன்றம் வரை போக வேண்டுமா, அமைச்சரின் ஆணை போதுமா, துறை இயக்குநரின் சுற்றறிக்கையே போதுமா என்பதைப் பொறுத்து வேலையின் காலமும் முறையும் முற்றிலும் வேறுபடும். சுற்றறிக்கையால் தீரக்கூடியதைச் சட்டத் திருத்தமாகக் கேட்டு ஆண்டுகளை இழந்தவர்கள் உண்டு. கடைசியாக, ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும், அது வரவு செலவுத் திட்டத்தின் எந்தத் தலைப்பிலிருந்து வரலாம் என்பதை எழுதுவேன். எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆய்வுகளும் அட்டவணைகளும் பின்னிணைப்பில் இருக்கட்டும், கேட்டால் கொடுங்கள்.

சில சமயம் சேர்க்க வேண்டியதைவிட நீக்க வேண்டியதே முக்கியமாக இருக்கும். அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட குழந்தைகள் ஊட்டச்சத்துச் சட்டம், வேறு நலத்திட்டங்களின் வழியே தகுதி ஏற்கெனவே உறுதியான மாணவர்கள் 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பள்ளிகளில், எந்தக் குடும்பமும் விண்ணப்பம் நிரப்பாமலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச உணவு வழங்க வழி செய்தது. 2023இல் அந்த வரம்பு 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இங்கே மாறியது ஒரு படிவமும் ஓர் எண்ணும்தான். ஆனால் படிவம் நிரப்ப வெட்கப்பட்ட பெற்றோரின் பிள்ளையும், படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளையும் அந்த மாற்றத்தால் வரிசையில் மற்றவர்களோடு சமமாக நிற்க முடிந்தது. உங்கள் ஊரிலுள்ள திட்டத்தின் விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை நீங்களே உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அங்கே ஒரு கோரிக்கை இருக்கிறது.

பசியை அறிந்தவர்களோடு பணியாற்றுதல்

பசியை அனுபவித்தவரைச் சாட்சி சொல்ல மட்டும் அழைத்து, முடிவெடுக்கும்போது வெளியே உட்கார வைப்பது இந்தத் துறையில் பரவலாக உள்ள தவறு. அதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். ஒருவரின் கதையைப் பதிவுசெய்யும் முன், அது எங்கே பயன்படும், யார் படிப்பார்கள், அதனால் அவருக்குக் கிடைத்துவரும் உதவிக்கு ஏதேனும் இடர் வருமா என்பதை அவர் மொழியில் விளக்குங்கள். மறுத்தால் அதோடு விடுங்கள். ஒப்புக்கொண்ட பின் மனம் மாறினாலும் நீக்கிவிடுங்கள். எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தை அச்சிட்டு மனத்தை உலுக்க முயலாதீர்கள். வளர்ந்த பின் அந்தக் குழந்தை அந்தப் படத்தைப் பார்க்கும். கூட்டத்துக்கு அழைத்தால் பயணச் செலவையும் அன்றைய கூலி இழப்பையும் ஈடுசெய்யுங்கள். முடிவு என்னவானாலும், அது தோல்வியே ஆனாலும், திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

மக்கள் பங்கேற்பை ஒரு நிறுவனமாகவே கட்டமைத்த நாடு பிரேசில். அந்நாட்டின் தேசிய உணவு மற்றும் ஊட்டச்சத்துப் பாதுகாப்பு மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் குடிமைச் சமூகத்துக்கும் ஒரு பங்கு அரசுக்கும் உரியவை. 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2009இல் பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என்ற சட்டம், 2010இல் உணவை ஓர் உரிமையாக அரசியலமைப்பிலேயே சேர்த்த திருத்தம் ஆகியவற்றின் பின்னணியில் அந்த மன்றமும் இயக்கங்களும் இருந்தன. 2014இல் பிரேசில், பசி பரவலாக உள்ள நாடுகளைக் காட்டும் ஐக்கிய நாடுகளின் பசி வரைபடத்திலிருந்து வெளியேறியது. 2019 ஜனவரியில் புதிய அரசு பதவியேற்றவுடன் அந்த மன்றத்தைச் செயலிழக்கச் செய்தது; மக்கள் பல நகரங்களின் பொது இடங்களில் சமைத்து ஊருக்கே பரிமாறி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் நாடு மீண்டும் பசி வரைபடத்துக்குள் வந்தது. 2023இல் மன்றம் உயிர்பெற்றது. 2025இல் நாடு மீண்டும் வரைபடத்திலிருந்து வெளியேறியது. மன்றம் ஒன்றுதான் இவை எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல மாட்டேன். வேலைவாய்ப்பும் குறைந்தபட்ச ஊதியமும் பெருந்தொற்றும் இதில் உண்டு. ஆனால் வென்றெடுத்த அமைப்பு ஒரே கையெழுத்தில் போகக்கூடியது என்பதையும், அதைக் காத்து நிற்க ஆட்கள் வேண்டும் என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரியாது.

எதிர்ப்பை எதிர்கொள்ளுதல்

பசிக்கு எதிரான கோரிக்கைக்கு நிதித் துறை எதிர்ப்புத் தெரிவிக்கும்; ஊட்டச்சத்துக்கான கோரிக்கைக்குத் தொழில் துறை எதிர்ப்புத் தெரிவிக்கும். முதலாவதைக் கணக்கால் சந்திக்கலாம். இரண்டாவது கடினமானது. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதித்தொகுப்பு 1981இல் உலகச் சுகாதாரப் பேரவையில் 118 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது; எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. அவ்வளவு ஆதரவு இருந்தும், அதை உள்நாட்டுச் சட்டமாக மாற்றும் வேலை பல நாடுகளில் இன்னும் முடியவில்லை. சிலியில், சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை மிகுந்த பண்டங்களின் மேல் கறுப்பு எண்கோண முத்திரை இட வேண்டும் என்ற சட்டம் 2012இல் வந்து, 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் விதிகளின் வாசகத்தைப் பற்றிய போராட்டமே நடந்தது. சட்டம் நிறைவேறிய நாளில் கலைந்து போகும் கூட்டணி, விதிகள் எழுதப்படும் நாளில் தோற்றுப்போகும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். மெக்சிகோ 2014 ஜனவரி முதல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தபோது, முதல் ஆண்டில் அவற்றின் கொள்முதல் சராசரியாக 6 சதவீதம் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். இதுபோன்ற அளவிடப்பட்ட முடிவு ஒன்று கையில் இருந்தால், 'இதெல்லாம் பலன் தராது' என்ற வாதத்துக்கு அமைதியாக விடை சொல்லலாம்.

உங்கள் அமைப்பு யாரிடம் நிதி பெறும், யாரிடம் பெறாது என்பதைப் பணி தொடங்கும் முன்பே எழுதிவைத்து, வெளியிட்டுவிடுங்கள். குழந்தை உணவு தயாரிப்பவரிடம் பணம் பெற்றுக்கொண்டு தாய்ப்பாலைப் பற்றிப் பேச முடியாது. நிதி நெருக்கடி வந்த பிறகு இந்த முடிவை எடுக்க உட்கார்ந்தால், நியாயங்கள் தாமாகவே வளைந்து கொடுக்கும். கூட்டணிக்குள் கருத்து வேறுபாடு வருவது இயல்பு. அனைவருக்குமான திட்டமா, மிக ஏழைகளுக்கு மட்டுமா, உணவா, பணமா என்ற கேள்விகளில் நேர்மையானவர்களே எதிரெதிரே நிற்பார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், குழந்தைகளுக்கான உணவு அனைவருக்குமானதாக இருக்க வேண்டும் என்பேன். ஏழைகளை மட்டும் பிரித்தெடுக்கும் பட்டியல், உண்மையில் மிகவும் தேவைப்படுகிறவர்களைத்தான் முதலில் விட்டுவிடுகிறது. ஏனென்றால் ஆவணங்கள் மிகக் குறைவாக இருப்பது அவர்களிடம்தான்.

பஞ்சச் சூழலில் பணியாற்றுகிறவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். உணவு நெருக்கடியை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டில், ஐந்தாம் கட்டமான பஞ்சம் அறிவிக்கப்பட, ஐந்தில் ஒரு குடும்பமாவது மிகக் கடுமையான உணவுப் பற்றாக்குறையில் இருக்க வேண்டும். குழந்தைகளில் 30 சதவீதத்துக்கு மேல் கடும் ஊட்டச்சத்துக் குறைவில் இருக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்தாயிரத்தில் இருவர் இறந்துகொண்டிருக்க வேண்டும். மரணங்களை எண்ணித்தான் அந்தச் சொல் உச்சரிக்கப்படுகிறது. சோமாலியாவில் 2011 ஜூலையில் அது அறிவிக்கப்பட்டபோது பல்லாயிரக்கணக்கானோர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். ஆகவே உங்கள் கோரிக்கை, நெருக்கடி எனப்படும் மூன்றாம் கட்டத்திலேயே எழுதப்பட்டு மேசையில் இருக்க வேண்டும்.

வேலைக்குள் நுழைதல்

இந்தப் பணிக்கு ஒரே படிப்பு என்று எதுவும் கிடையாது. ஊட்டச்சத்தியல், பொருளியல், சட்டம், சமூகப்பணி, இதழியல் என எந்த வாசலிலிருந்தும் வரலாம். நீங்கள் வந்த துறையின் அறிவோடு மற்றொரு துறையின் அடிப்படையையும் கற்றுக்கொள்ளுங்கள். ஊட்டச்சத்தியல் படித்தவர் நிதி அறிக்கையையும், சட்டம் படித்தவர் வளர்ச்சி வரைபடத்தையும் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும். வேலை தேடும் முன், உணவு வழங்கும் மையம் ஒன்றில் சில மாதங்களாவது உதவியாளராக இருங்கள். பிறகு, ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டு மேலே சொன்ன இரண்டு பக்கக் குறிப்பை எழுதுங்கள். ஆளெடுக்கும் குழுவில் நான் இருந்தபோதெல்லாம் சான்றிதழ்களைவிட அந்தக் குறிப்பையே ஆழ்ந்து படித்திருக்கிறேன். ஊதியம் பெரும்பாலும் அடக்கமானது, ஒரு பணிக்கு நிதி கிடைக்கும் காலமான நிதிக்காலம் குறுகியது. வெற்றி வர ஆகும் ஆண்டுகளோ ஒரு நிதிக்காலத்தைவிட நீண்டவை. இதை அறிந்தே வாருங்கள்.

அரசை அணுகும்போது உங்களுக்குத் துணையாக இருக்கும் சட்ட அடிப்படையையும் படித்துவையுங்கள். 1966இல் ஏற்கப்பட்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 11ஆவது பிரிவு போதிய உணவுக்கான உரிமையை ஏற்கிறது. 1999இல் அதற்கு விளக்கம் அளித்த ஐக்கிய நாடுகளின் குழு, அரசு தானே பறிக்காதிருத்தல், பிறர் பறிக்காமல் காத்தல், இல்லாதவருக்குக் கிடைக்கச் செய்தல் என்று கடமையை மூன்றாகப் பிரித்தது. உங்கள் கோரிக்கை இம்மூன்றில் எது என்று தெரிந்தால், எந்த மன்றத்தில் அதை எழுப்புவது என்பதும் தெளிவாகும்.

ஆணை வந்த பிறகு

ஆணை கிடைத்த அன்று மகிழுங்கள். உழைத்தவர்கள் அனைவரையும் அழைத்து, கொண்டாடவும் செய்யுங்கள். மறுநாள் முதல் அதன் நகலோடு கிளம்ப வேண்டும். தலைமையிடத்தில் கையெழுத்தான தாள் கடைக்கோடி மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, அங்கே இருப்பவருக்கு அதை விளக்கினார்களா, நிதி வந்ததா என்று பாருங்கள். தொடக்கத்தில் சொன்ன உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையோடு நின்றுவிடாமல், 2002இல் ஆணையர்களை நியமித்து நிறைவேற்றத்தைக் கண்காணிக்கச் சொன்னது. அதனால்தான் மாநிலங்கள் ஆண்டுகள் கழித்தேனும் சமைத்த உணவுக்கு வந்தன. உங்களுக்கு ஆணையர்கள் இல்லாதிருக்கலாம். பத்து மையங்களை முன்னறிவிப்பின்றிப் பார்க்க ஐந்து பேர் போதும். சமையலறைக்குள் போக அனுமதி கேளுங்கள், பரிமாறும் நேரத்தில் அங்கே இருங்கள், குழந்தைகளோடு உட்கார்ந்து அதே உணவை உண்ணுங்கள். பணியாளரைக் குற்றவாளியைப்போல் விசாரிக்காதீர்கள், குறைபாடுகளை உங்களுக்கு முதலில் சொல்லப்போகிறவர் அவர்தான்.

பதிவேட்டைப் பார்க்கும்போது, நேற்று எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேளுங்கள். அந்த எண் இருக்கும். அடுத்து, எத்தனை பேர் வந்து வாங்காமல் திரும்பினார்கள், எதற்காக என்று கேளுங்கள். பெரும்பாலான பதிவேடுகளில் அதற்கு இடமே இருக்காது. அந்தக் கேள்விக்கான இடத்தைப் பதிவேட்டில் சேர்க்க யாருடைய சுற்றறிக்கை வேண்டும் என்பதை அங்கேயே விசாரித்துக் குறித்துக்கொண்டு திரும்புங்கள்.